நாவில்லாத் தவளையும் நன்றி மறந்த மனிதனும்

உலகம் அறியாதவனைக் 'கிணற்றுத் தவளை' என்று சொல்வது நம் வழக்கம். தான் வாழும் கிணற்றையே கடலென்று எண்ணிய தவளையின் கதையைச் சிறுவயதில் கேளாதவர் நம்மில் இலர். ஆனால் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில், கலங்கிய குட்டைகளின் அடியில் பிறந்து, நீரை விட்டு வெளியே வரவே விரும்பாத ஒரு தவளை, கடல்கள் கடந்து மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. விஞ்ஞானி ஒருவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. 1992ஆம் ஆண்டில் விண்வெளிக்கும் சென்றது. நம்புவதற்குச் சற்றுக் கடினமாக இருந்தாலும் இவையனைத்தும் நடந்தவையே.

அதன் பெயர் ஆப்பிரிக்க நகத் தவளை. விஞ்ஞானிகள் அதனை 'செனோபஸ் லேவிஸ்' என்று அழைக்கின்றனர். 'செனோபஸ்' என்றால் கிரேக்க மொழியில் 'விந்தையான பாதம்' என்று பொருள். 'லேவிஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்கு 'வழவழப்பானது' என்று பொருள். 1802ஆம் ஆண்டில் தோதன் என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதனை முதன்முதலாக அறிவியல் உலகிற்கு விவரித்தார். தென்னாப்பிரிக்க மக்கள் இதனைப் 'பிளாட்டான்னா' என்று சொல்வார்கள்.

இத்தவளையின் வாழ்க்கை வியப்புக்குரியது. அதனை மனிதன் நடத்திய விதமோ சிந்தனைக்குரியது. இரண்டையும் இங்கே காண்போம்.

விந்தையான உடலமைப்பு

நம் வீட்டுக் கொல்லையில் மழைக்காலத்தில் தாவித் திரியும் தவளையை மனத்தில் வைத்துக்கொண்டு இதனைப் பார்த்தால் இதுவும் தவளைதானா என்னும் ஐயம் எழும். உடல் தட்டையானது, மேலிருந்து அமுக்கி வைத்தாற்போல் இருக்கும். தலை சிறியது. கண்கள் பக்கவாட்டில் அமையாமல் உச்சியில் வானத்தைப் பார்த்தவாறு அமைந்துள்ளன. அசையும் இமைகள் இல்லை. செவிப்பறையும் வெளியே தெரிவதில்லை. பெண் தவளை 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது.

எல்லாவற்றினும் பெரிய விந்தை, இதற்கு நாக்கே கிடையாது என்பதாகும். மற்றத் தவளைகள் ஒட்டும் தன்மையுள்ள நாக்கை மின்னல் வேகத்தில் நீட்டிப் பூச்சியைப் பிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நீருக்குள் வாழும் பிராணிக்கு அத்தகைய நாக்கினால் பயன் இல்லை. பசை தண்ணீரில் ஒட்டாது. ஆகவே இத்தவளை இரையை நெருங்கியதும் வாயைத் திடீரெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியதை முன்னங்கால்களின் மெல்லிய விரல்களால் வாய்க்குள் தள்ளுகிறது. குழந்தை இரு கைகளாலும் சோற்றை அள்ளி வாயில் திணிப்பதுபோல் அக்காட்சி இருக்கும்.

முன்னங்கால் விரல்களுக்கிடையே சவ்வு இல்லை. அவை கைகளாகவே பயன்படுகின்றன. பின்னங்கால்களோ மிகவும் வலிமையானவை. ஐந்து விரல்களுக்கும் இடையே அகன்ற சவ்வு விரிந்துள்ளது. அவற்றுள் உட்புறமுள்ள மூன்று விரல்களின் நுனியில் கறுத்த கூரிய நகங்கள் உண்டு. தவளை இனத்தில் இத்தகைய நகங்கள் அரிது. பெரிய இரையை வாயால் கவ்விக்கொண்டு, பின்னங்கால்களை முன்னே கொணர்ந்து, இந்நகங்களால் கிழித்துத் துண்டாக்கி உண்கிறது. நகத் தவளை என்னும் பெயரும் விந்தையான பாதம் என்னும் பெயரும் இதனாலேயே வந்தன.

இருளில் வழிகாட்டும் தையல்

இத்தவளை வாழும் குட்டைகள் பெரும்பாலும் கலங்கலானவை. ஒரு சாண் தொலைவில் இருப்பதுகூடக் கண்ணுக்குப் புலப்படாது. அத்தகைய இடத்தில் இரை தேடுவது எப்படி?

அதன் உடலின் இருபுறமும், நூல் கொண்டு தைத்ததுபோல், சிறுசிறு வெண்கோடுகள் வரிசையாகக் காணப்படும். இவை வெறும் அழகுக்கோடுகள் அல்ல. ஒவ்வொரு கோட்டிலும் நீரின் அசைவை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. ஒரு பூச்சி நீரின் மேற்பரப்பில் விழுந்து துடித்தால் அதனால் எழும் சிற்றலை, அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் தவளைக்கு உணர்த்திவிடும். மீன்களுக்கு இந்த அமைப்பு இயல்பாகவே உண்டு. பெரும்பாலான தவளைகள் தலைப்பிரட்டையாக இருக்கும்போது இதனைப் பெற்றிருந்து, வளர்ந்து கரையேறும்போது இழந்துவிடுகின்றன. நகத் தவளை கரையேறுவதில்லையாதலால் இதனை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்கிறது. மோப்ப சக்தியும் அதற்கு மிகுதி.

உணவு விஷயத்தில் அது தயக்கம் காட்டுவதில்லை. பூச்சிகள், புழுக்கள், நத்தைகள், சிறு மீன்கள், பிற தவளைகளின் தலைப்பிரட்டைகள், செத்து மிதக்கும் பிராணிகள் எனக் கிடைத்தது எதுவாயினும் உண்ணும். பஞ்சம் வந்தால் தன் இனத்துத் தலைப்பிரட்டைகளையும் விடுவதில்லை. கிடைத்ததைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும் இக்குணத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் துன்பத்திற்கு இதுவே வேராக அமைந்தது.

நீரிலேயே வாழ்ந்தாலும் இது மூச்சு விடுவது நுரையீரலால்தான். ஆகவே அவ்வப்போது மேலே வந்து, மூக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை இழுத்துக்கொண்டு, கண நேரத்தில் அடியில் மறைந்துவிடும். வானத்தை நோக்கி அமைந்த கண்களால், மேலே வட்டமிடும் பறவை எதுவும் உண்டா என்று பார்த்துக்கொள்ளும். தோலின் நிறத்தைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. கறுத்த சேற்றில் இருந்தால் மேனி கறுக்கும். வெளிர்ந்த மணலில் இருந்தால் வெளுக்கும்.

கோடையில் குட்டை வற்றிவிட்டால் என்ன செய்யும்? அடிச்சேற்றில் குழி பறித்துப் புதைந்துகொள்ளும். உணவின்றி, அசைவின்றி, மழையை எதிர்நோக்கிப் பல மாதங்கள் அப்படியே கிடக்கும். சில வேளைகளில் மழை பெய்யும் இரவில் குட்டையை விட்டு வெளியேறி, நிலத்தின் மேல் தட்டுத் தடுமாறி நகர்ந்து அடுத்த நீர்நிலையைத் தேடிச் செல்வதும் உண்டு. வளர்ப்பிடங்களில் 15 ஆண்டுகளுக்கு மேலும் இவை உயிர் வாழ்ந்துள்ளன.

வாய் திறவாப் பாட்டு

'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் பழமொழி. இந்தத் தவளைக்கு அது பொருந்தாது. மற்றத் தவளைகளைப்போல் இதற்குக் கன்னத்தில் உப்பும் பை கிடையாது. காற்றை வெளியே விட்டு ஒலி எழுப்புவதும் இல்லை. வாயை மூடியபடியே, குரல்வளைத் தசைகளை மிக விரைவாகச் சுருக்கி விரித்து, நீருக்குள் 'டக்டக்' என்னும் ஒலியைத் தொடர்ச்சியாக எழுப்புகிறது. கரையில் நிற்பவருக்கு அப்பாட்டு பெரும்பாலும் கேட்பதில்லை. நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கினால் குட்டை முழுதும் ஆண் தவளைகளின் ஓசையால் நிறைந்திருப்பது தெரியும்.

தவளையினத்தில் பாடுவது ஆண்தான்; பெண் கேட்டுக்கொண்டிருப்பதோடு சரி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நகத் தவளையின் பெண்ணோ மறுமொழியும் கூறுகிறது. முட்டையிடும் நிலையில் இருக்கும் பெண் விரைவான தட்டல் ஒலியால் தன் இசைவைத் தெரிவிக்கிறது. விருப்பமில்லாத பெண் மெதுவான 'டிக் டிக்' ஒலியால் மறுப்பைத் தெரிவிக்கிறது. அம்மறுப்பைக் கேட்ட ஆண் விலகிச் செல்வதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

பெண் தவளை ஒரே முறையில் நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரத்திற்கு மேலும் முட்டையிடும். முட்டைகளைத் திரளாக மிதக்கவிடாமல், நீர்ச்செடிகளிலும் கற்களிலும் ஒவ்வொன்றாக ஒட்டவைக்கும். இரண்டு மூன்று நாட்களில் தலைப்பிரட்டைகள் வெளிவரும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல். உள்ளே இதயம் துடிப்பதையும் காணலாம். வாயின் இருபுறமும் கெளிற்று மீனுக்கு இருப்பதுபோல் நீண்ட மீசைகள். தலை கீழாகவும் வால் மேலாகவும் நீரில் தொங்கியபடி, வாலின் நுனியை மட்டும் இடைவிடாது அசைத்துக்கொண்டு, நீரிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளை வடிகட்டி உண்ணும். ஏறக்குறைய இரண்டு மாதங்களில் கால்கள் முளைத்து, வால் மறைந்து, சிறு தவளையாக மாறிவிடும்.

மருத்துவமனைக்கு வந்த விருந்தாளி

இனி, குட்டையில் கிடந்த இத்தவளை மனிதனின் வீட்டு வாசலுக்கு வந்த கதையைக் காண்போம்.

தாய்மை அடைந்திருக்கிறோமா என்பதை இன்று ஒரு பெண் மருந்துக் கடையில் வாங்கும் சிறு அட்டையின் உதவியால் வீட்டிலேயே சில நிமிடங்களில் தெரிந்துகொள்கிறாள். நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வசதி இல்லை. சில மாதங்கள் பொறுத்திருந்தே உறுதி செய்ய வேண்டியிருந்தது. இருதய நோயோ வேறு கடும் நோயோ உள்ள பெண்ணுக்கும், வயிற்றிலிருப்பது கருவா கட்டியா என்று அறியாது தவித்தவளுக்கும் இக்காத்திருப்பு ஆபத்தாகவே முடியக்கூடும்.

1927ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஆஷைம், ஸோண்டெக் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தனர். கருவுற்ற தாயின் சிறுநீரில், நஞ்சுக்கொடியிலிருந்து உண்டாகும் ஒரு ஹார்மோன் கலந்திருக்கும். அந்தச் சிறுநீரைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஊசி மூலம் செலுத்தினால் அவற்றின் சூலகங்களில் மாறுதல் ஏற்படும். ஆனால் அம்மாறுதலைக் காண, நான்கைந்து நாட்களுக்குப் பின் எலிகளைக் கொன்று வயிற்றைப் பிளந்து பார்க்க வேண்டும். 1931இல் அமெரிக்காவில் எலிக்குப் பதில் முயலைப் பயன்படுத்தும் முறை வந்தது. காத்திருக்கும் நேரம் குறைந்ததே தவிர, முயலும் கொல்லப்படவே செய்தது. ஒரு தாய்க்கு விடை கிடைக்க ஒன்றோ பலவோ உயிர்கள் போயின.

இந்நிலையில், லான்சலாட் ஹாக்பென் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1927இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். உள்ளூர்க் குட்டைகளில் தாராளமாகக் கிடைத்த நகத் தவளை எவ்வாறு நிறம் மாறுகிறது என்பதை ஆராயத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சியின்போது, மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பெண் தவளைக்குச் செலுத்தினால் அது முட்டையிடுவதைக் கண்டு 1930இல் வெளியிட்டார். பின்னர் கேப்டவுனிலேயே ஷபீரோ, ஸ்வாரன்ஸ்டைன் என்னும் இருவர், கருவுற்ற பெண்களின் சிறுநீரைக் கொண்டு இதனைச் சோதித்து, கருத்தரிப்பை அறியும் முறையாக ஆக்கினர். கண்டுபிடிப்பின் பெருமை எவருக்குரியது என்பதில் இரு தரப்பாருக்கும் இடையே பிற்காலத்தில் வாதம் எழுந்ததும் உண்டு.

முறை மிக எளிது. மாலையில் பெண் தவளையின் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்திவிட்டு, அதை ஒரு கண்ணாடிச் சாடியில் விட்டுவைப்பார்கள். அப்பெண் கருவுற்றிருந்தால் மறுநாள் காலைக்குள் சாடியின் அடியில் சிறுமணிகள்போல் முட்டைகள் கிடக்கும். பூதக்கண்ணாடியும் வேண்டாம், வெறுங்கண்ணே போதும். தவளையைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. சில வாரங்கள் ஓய்வு கொடுத்தபின் அதே தவளையை மீண்டும் பயன்படுத்தலாம்.

இவ்விடத்தில் நமக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி மருத்துவர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். தவளையைக் கொல்ல வேண்டாமென்று அண்ணலார் தடுத்துவிட்டார்கள். இச்செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. மருத்துவத்திற்காகவும் அதன் உயிரைப் பறிக்கலாகாது என்னும் அந்த வழிகாட்டுதலை அறிந்த நமக்கு, உயிரைப் பறிக்காமலேயே மருத்துவத்திற்குத் தவளை உதவிய இந்நிகழ்ச்சி தனிக் கவனத்திற்குரியதாகிறது.

1930களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரை, கேப் பகுதியிலிருந்து இத்தவளைகள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறின. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல மருத்துவமனைகளின் சோதனைக்கூடங்களில் நீர்த்தொட்டிகள் அமைந்தன. எத்தனையோ இல்லங்களுக்கு நற்செய்தியை முதலில் அறிந்து சொன்னது, பேச நாவில்லாத இந்தப் பிராணியே.

ஆய்வுக்கூடத்தில் அடைந்த புகழ்

மருத்துவமனைத் தொட்டிகளில் வளர்ந்த தவளைகள் உயிரியல் அறிஞர்களின் கண்ணிலும் பட்டன. பருவகாலத்திற்குக் காத்திராமல் ஓர் ஊசியால் எந்நாளும் முட்டைகளைப் பெறலாம். முட்டை பெரியது, கரு தாயின் உடலுக்கு வெளியே கண்ணெதிரில் வளர்கிறது. கருவின் வளர்ச்சியை ஆராய்வோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவ்வாறு ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கர்டன். பள்ளியில் படிக்கும்போது இவர் உயிரியலில் தம் வகுப்பு மாணவர் 250 பேரில் கடைசியாக இருந்தாராம். விஞ்ஞானியாகும் எண்ணம் இவருக்கு வேண்டாத வேலை என்று ஆசிரியர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையைக் கர்டன் சட்டமிட்டுத் தம் பணியிடத்தில் வைத்திருந்தார். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடும் பெற்றோரும், மாணவரின் எதிர்காலத்தை ஒரே வரியில் தீர்மானித்துவிடும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

கர்டன் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது, நகத் தவளையின் முட்டையிலுள்ள உட்கருவைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்து, தலைப்பிரட்டையின் குடற்சுவரிலிருந்து எடுத்த ஓர் உயிரணுவின் உட்கருவை அதனுள் வைத்தார். அந்த முட்டைகளுள் சில வளர்ந்து முழு உருவம் பெற்றன. குடலாக மாறிவிட்ட உயிரணுவினுள்ளும் முழு உடலையும் உருவாக்கும் குறிப்புகள் அழியாமல் இருக்கின்றன என்பதை 1962இல் அவர் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. 1996இல் 'டாலி' என்னும் ஆட்டுக்குட்டி பிறப்பதற்கு வழி திறந்தது இதுவே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2012இல், ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்காவுடன் கர்டன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஸாஸ்லாஃப், ஆய்வுக்காக நகத் தவளைகளின் சூலகத்தை அறுவை செய்து எடுத்துவிட்டு, வயிற்றைத் தைத்துத் தொட்டியில் விடுவார். தொட்டி நீரோ நுண்கிருமிகள் மலிந்தது. ஆயினும் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. இது எவ்வாறு என்று சிந்தித்தவர், தவளையின் தோலிலேயே கிருமிகளைக் கொல்லும் பொருள் சுரப்பதை 1987இல் கண்டறிந்தார். கேடயம் எனப் பொருள்படும் ஹீப்ரு சொல்லிலிருந்து அதற்கு 'மகைனின்' என்று பெயரிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த மருந்துக்கு 1999இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை. எனினும் பிராணிகளின் தோலில் மருந்தைத் தேடும் ஒரு புதிய துறைக்கு அது ஊக்கமளித்தது.

1992 செப்டம்பரில் 'எண்டெவர்' விண்கலத்தில் பெண் தவளைகள் சில விண்வெளிக்குச் சென்றன. ஈர்ப்பு விசை உணரப்படாத அங்கே அவற்றின் முட்டைகள் கருவூட்டப்பட்டுத் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன.

ஆய்வுக்கூடங்களில் இத்தவளை துன்பமே அடையவில்லை என்று கூறிவிட முடியாது. ஆயினும் மனித குலம் அதனிடம் கடன்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. அக்கடனை நாம் எவ்வாறு தீர்த்தோம்?

தேவை தீர்ந்ததும்

1960இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள், உயிர்ப்பிராணி எதுவுமின்றிச் சோதனைக் குழாயிலேயே கருத்தரிப்பைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். சில ஆண்டுகளில் மருத்துவமனைகளுக்குத் தவளை தேவையற்றதாயிற்று. ஆய்வுக்கூடங்களிலும் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைகளிலும் அது தொடர்ந்து இருந்துவந்தது. அவ்விடங்களிலிருந்து சில தப்பிச் சென்றன. வேறு சில, வைத்துக் காக்க விருப்பமில்லாதவர்களால் அருகிலிருந்த குளத்திலும் ஓடையிலும் விடப்பட்டன. விட்டவர்கள் அதனைக் கருணை என்றே எண்ணியிருக்கக்கூடும்.

விளைவு என்ன? 1960களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா நீர்நிலைகளில் நகத் தவளைகள் பெருகின. 1970களிலிருந்து தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலும் அவை பரவின. பிரான்சின் மேற்குப் பகுதியில் தவளை வளர்ப்பு நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறியவை சுற்றுவட்டாரமெங்கும் குடியேறின. இத்தாலியின் சிசிலித் தீவிலும் அவை காணப்பட்டன. போர்ச்சுகலில் லிஸ்பன் நகரை அடுத்த ஓடைகளில் 2006இல் கண்டறியப்பட்டன.

அவற்றின் குணத்தை முன்னரே கண்டோம். கிடைத்ததை உண்ணும்; வறட்சியைத் தாங்கும்; ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; மழை இரவில் அடுத்த குளத்திற்கு நகரும். சொந்த மண்ணில் அதனை உயிரோடு வைத்திருக்கும் இக்குணங்கள், பிற மண்ணில் பிற உயிர்களுக்குக் கேடாய் முடிந்தன. அந்நாட்டுச் சிறு மீன்களும் தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும் இரையாயின. சிசிலியில் நகத் தவளை குடியேறிய குளங்களில் உள்ளூர்த் தவளைகளின் இனப்பெருக்கம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நம் ஏரி குளங்களை மூடிக்கிடக்கும் ஆகாயத் தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதே என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வேகம் நமக்கு எளிதில் விளங்கும்.

வந்தேறிய தவளையை வெளியேற்றுவதோ பெரும்பாடு. போர்ச்சுகல் அரசு 2010இல் ஓடைகளில் அதனைப் பிடித்து ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கேடு விளைவிக்கும் அயல் உயிரினங்களின் பட்டியலில் நகத் தவளையைச் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. எந்த நாடுகளில் மருத்துவமனைகள் விலை கொடுத்து வரவேற்றனவோ, அவற்றுள் சில இன்று அதனைக் கண்ட இடத்தில் பிடிக்கச் சொல்கின்றன.

குற்றவாளிக் கூண்டில்

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 1990களில் உலகின் பல பகுதிகளில் தவளைகள் கூட்டங்கூட்டமாக மடிவது கண்டு விஞ்ஞானிகள் திகைத்தனர். தோலைத் தாக்கும் 'கைட்ரிட்' என்னும் நுண்ணிய பூஞ்சணமே காரணம் என 1998இல் அறியப்பட்டது. தவளை தன் தோலின் வழியாகவே நீரையும் உப்புகளையும் ஏற்கிறது. தோல் கெட்டால் இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். இந்நோயால் 501 வகை இருவாழ்வி இனங்கள் குறைந்துவிட்டன என்றும், அவற்றுள் 90 வகைகள் அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகின்றன என்றும் 2019இல் வெளியான ஆய்வு கூறியது.

நகத் தவளை இப்பூஞ்சணத்தைத் தோலில் தாங்கிக்கொண்டும் பெரும்பாலும் நோயின்றி வாழக்கூடியது. தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத் தொகுப்புகளில் இருந்த பழைய தவளைகளைச் சோதித்தபோது, 1938இல் பிடிக்கப்பட்ட ஒரு நகத் தவளையின் தோலில் இப்பூஞ்சணம் காணப்பட்டது. அதுவரை தெரிந்தவற்றுள் அதுவே மிகப் பழைய சான்று. கருத்தரிப்புச் சோதனைக்காக ஏற்றுமதியான தவளைகளே உலகெங்கும் நோயைக் கொண்டு சென்றன என்னும் கருத்து 2004இல் எழுந்தது.

ஆனால் தீர்ப்பு அத்தனை விரைவில் முடிந்துவிடவில்லை. 2018இல் பல நாட்டுப் பூஞ்சணங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த விஞ்ஞானிகள், அதன் பிறப்பிடம் கிழக்கு ஆசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம் என்று கண்டனர். நோய் பிறந்த இடம் ஆப்பிரிக்கா என்னும் பழி நீங்கியது. எனினும், நோயைச் சுமந்து செல்லும் தவளைகளுள் நகத் தவளையும் ஒன்று என்பது மாறவில்லை. அதைவிட முக்கியமானது, அந்த ஆய்வு சுட்டிய மற்றோர் உண்மை: நோய் கண்டம் விட்டுக் கண்டம் தாவியதற்குக் காரணம், உணவுக்கும் அழகுக்கும் ஆய்வுக்குமாக மனிதன் நடத்திய பிராணி வாணிகமே. தவளை தானாகக் கடல் கடக்கவில்லை. அதைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றியவன் மனிதன்.

பிறந்த மண்ணிலும் மனிதச் செயலின் விளைவு தெரிகிறது. கேப் முனையை ஒட்டிய, தேநீர்போல் கறுத்த, அமிலத்தன்மையுள்ள குட்டைகளில் மட்டுமே வாழும் சிறிய உறவினத் தவளை ஒன்று உண்டு. அதனைக் கேப் பிளாட்டான்னா என்பர். பண்ணைகளும் அணைக்குட்டைகளும் பெருகப் பெருக, பெரிய நகத் தவளை அக்குட்டைகளுக்குள்ளும் புகுந்து, சிறியதை உண்டும் அதனோடு கலப்பினமாகியும் அதன் தனித்தன்மையை அழித்து வருகிறது. பெரிய தவளைகளை அவ்வப்போது பிடித்து அகற்றி, சிறியதைக் காக்கும் பணி அங்கே நடைபெறுகிறது.

நாம் செய்ய வேண்டியது

ஒரே பிராணி, கேப்டவுன் ஆய்வுக்கூடத்தில் அது உதவியாளன், போர்ச்சுகல் ஓடையில் அது பகைவன். இரண்டு இடத்திலும் தவளை தன் இயல்பிலிருந்து அணுவளவும் மாறவில்லை. மாறியது இடம், மாற்றியது நாம். ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய நீரும் நிலமும் அளவோடு அமைந்திருக்கின்றன. அந்த அளவுக்குள் அதன் பசியும் பெருக்கமும் நன்மையாகவே முடிகின்றன. அளவைக் குலைத்துவிட்டு, பின்னர் அந்த உயிரையே பழிப்பது நியாயமாகாது.

இதில் நம் இல்லங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பதால் அயல்நாட்டு மீன்களையும் ஆமைகளையும் பிற நீர்வாழ் பிராணிகளையும் இன்று பல வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறோம். வாங்குமுன் அது எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை ஆண்டு வாழும் என்று கேட்டறிய வேண்டும். சலிப்புத் தட்டியதும், ஊருக்குப் போக நேர்ந்ததும், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஊர்க்குளத்திலோ கால்வாயிலோ விடுதல் கூடாது. அப்பிராணிக்கும் குளத்துக்கும் அது தீங்கு. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்; பேணத் தெரிந்த வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். தொட்டியைக் கழுவிய நீரையும் செடிகளையும் நீர்நிலைகளில் கொட்டாதிருத்தல் நலம். பிராணிகளைத் தொட்டபின் கை கழுவும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

நம் பொறுப்பில் வந்த உயிர் ஓர் அமானிதம். ஆவலோடு வாங்கும்போது இருந்த அக்கறை, அது நமக்குப் பயன்படாத நாளிலும் இருக்க வேண்டும். அந்த அக்கறை தவறியதால் ஒரு தவளை பல நாடுகளுக்குப் பகையாயிற்று. அதற்கு முறையிட நாவில்லை. நாவுள்ள நாம் அதன் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.